லூஸ் பீஸ்

துப்பாக்கிக்கு மரக்கட்டை செய்து தர முடியுமா என்று கேட்டதும் அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். அங்கே என் ஸ்கூட்டரும், அதில் சாய்ந்தபடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என் மகளும் நின்றிருந்தார்கள்.

“போலீஸ் கேஸ் ஏதும் ஆகாதுங்களே தம்பி?”

ஆகாது என்றேன். இது ஏர் ரைஃபிள். போட்டிக்குச் சுடுவது. தோட்டா கிடையாது, வெடிமருந்து கிடையாது, மிளகளவு ஈயக் குண்டைக் காற்றழுத்தம் தள்ளிவிடும், அவ்வளவுதான். 0.177 இன்ச் வாய், 20 ஜூலுக்கு உட்பட்ட சக்தி என்றால் இந்தியாவில் லைசென்ஸ் தேவையில்லை. பத்து மீட்டர் ரைஃபிள் ஏழெட்டு ஜூலோடு நின்றுவிடும். மொபைலில் விதியை எடுத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போடவே இல்லை.

“ஜூல்னா எத்தன எச்பிங்க?”

இரண்டும் வேறு வேறு அளவைகள் என்று விளக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன். பம்பு செய்யும் ஊரில் சக்தி என்றால் எச்பிதான்.

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது அவருடைய பேட்டர்ன் கடை. பேட்டர்ன் என்றால் என்னவென்று பலருக்குத் தெரியாது, இந்த ஊரிலேயே வளர்ந்த எனக்கும் தெரியாது. பம்பின் உடலையோ மோட்டாரின் கூட்டையோ இரும்பில் வார்க்க வேண்டுமானால், முதலில் அதே வடிவத்தை மரத்தில் செய்ய வேண்டும். அந்த மரவடிவத்தை மணலில் புதைத்து எடுத்தால் பள்ளம் கிடைக்கும். அந்தப் பள்ளத்தில் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். ஊர் முழுக்க ஓடும் பம்புகள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் கையில் மரமாக இருந்தவை. இப்போது பேட்டர்னை சிஎன்சி மிஷின் அலுமினியத்திலோ ரெசினிலோ குடைந்து கொடுத்துவிடுகிறது. பதினான்கு பேர் வேலை செய்த கடையில் அவரும் ஒரு பீகார் பையனும் மட்டும் மீதி. சுவரெல்லாம் சிவப்பு பெயின்ட் அடித்த பழைய பேட்டர்ன்கள் தொங்கின. வாங்க ஆள் வராதவை.

நான் அவரைத் தேடிப் போனதற்குக் காரணம், மரச்சாமான் செய்யும் நான்கு ஆசாரிகள் முடியாது என்று சொன்னதுதான். நான்காமவர்தான், “இது நெளிவு சுளிவு வேலைங்க, கால் மில்லி கணக்குல உக்காரணும். பேட்டர்ன்காரங்ககிட்டப் போங்க” என்றார். சரியான ஆலோசனை. அன்று எனக்கு அது தட்டிக்கழிப்பாகப் பட்டது.

*

மகளுக்குப் பதினொரு வயது. ஒரு கோடை முகாமில் ஏர் ரைஃபிளைப் பிடித்தவள் விடவில்லை. எனக்கும் சந்தோஷம்தான். பத்து மீட்டர் தள்ளி இருக்கும் அட்டையில் பத்து மதிப்பெண்ணுக்குரிய இடம் அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு புள்ளி. பால்பாயின்ட் பேனாவால் வைத்த புள்ளியைவிடச் சிறியது. அபினவ் பிந்த்ரா 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியது இந்தப் புள்ளியைச் சுட்டுத்தான். வீட்டில் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் நிற்காத பிள்ளை அங்கே போனால் சிலை மாதிரி நிற்கிறாள்.

அவள் இடதுகைக்காரி. என்னைப் போல. சரியாகச் சொன்னால், நான் இருந்ததைப் போல.

என்னை ஒன்றாம் வகுப்பில் மாற்றினார்கள். டீச்சர் ஸ்கேலைக் குறுக்காகப் பிடித்து இடதுகை முட்டியில் அடிப்பார். வீட்டில் ஆத்தா சாப்பாட்டு நேரத்தில் என் இடதுகையை முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொள்வார். பீச்சாங்கையில் சோறு தின்றால் ஊர் சிரிக்கும் என்பது அவருடைய நியாயம். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒரு வருஷத்தில் நான் வலதுகைக்காரன் ஆனேன். என் கையெழுத்தை இன்றுவரை மருந்துக்கடைக்காரர்கூடப் படிக்க முடியாது. நான் கீபோர்டில் பிழைக்கும் தொழிலுக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு இன்ஜினியரிங் படிக்கும்போது என்.சி.சி. பாயின்ட் டூ டூ ரைஃபிளில் ஐந்து குண்டு சுட ஒருநாள் அழைத்துப் போனார்கள். தரையில் குப்புறப் படுத்ததும் ரைஃபிள் தானாக என் இடது தோளுக்குப் போனது. பதிமூன்று வருடம் மறந்திருந்த ஒரு பழக்கம் உடம்புக்குள் எங்கேயோ உட்கார்ந்திருந்திருக்கிறது. பின்னாலிருந்து என் காலை பூட்ஸால் தட்டி, “ரைட்ல வை” என்றார் உஸ்தாத். போல்ட் வலப்பக்கம் இருக்கும் ரைஃபிள் அது. அவர் சொன்னது நடைமுறைக்குச் சரி. வலது தோளில் வைத்து, இடது கண்ணை மூடத் தெரியாமல் மூடி, ஐந்தையும் சுட்டேன். என் அட்டையில் ஒன்றுகூட இல்லை. பக்கத்துப் பையன் அட்டையில் ஏழு ஓட்டை.

அதனால்தான் மகளின் கோச், “எல்லா கிளப் ரைஃபிளும் ரைட் ஹேண்டுதான் சார். இப்பவே ரைட்ல பழகிட்டாப் பின்னால ஈஸி. இடது கண்ணுக்கு ஒரு பிளைண்டர் மாட்டிக்கலாம்” என்று சொன்னபோது, அவர் எவ்வளவு தன்மையாகச் சொன்னார் என்பதை நான் கவனிக்கவில்லை. என் காதில் ஸ்கேல் விழும் சத்தம் கேட்டது.

இடதுகை ரைஃபிள் இல்லாமல் இல்லை. ஜெர்மனியில் செய்கிறார்கள். அலுமினியத்தில் எல்லாப் பக்கமும் திருகித் திருகி மாற்றிக்கொள்ளும்படி வரும். இறக்குமதி வரியெல்லாம் சேர்ந்தால் இரண்டு லட்சத்தைத் தாண்டும். அவளோ ஆறுமாதத்தில் கீபோர்டையும் கராத்தேயையும் விட்டவள். அந்த நேரத்தில்தான் பழைய ஜெர்மன் ரைஃபிள் ஒன்று விலைக்கு வந்தது. கல்லூரி முடித்து வேலைக்குப் போன ஒரு பையனுடையது. இரும்பெல்லாம் பிரமாதம், மரத்தில் மட்டும் கைப்பிடி ஓரத்தில் விரல் நீளத்துக்கு விரிசல். அதனால் விலை குறைவு. கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு இடதுகைக்கு ஒன்று புதிதாகச் செய்துகொண்டால் ஆயிற்று என்று எனக்குத் தோன்றியது.

மனைவி கேட்ட ஒரே கேள்வி: “கட்டை அவளுக்கா, உனக்கா?” நான் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டேன்.

*

ரைஃபிளின் குழாயும் விசையும் யார் கையிலும் ஒன்றுபோலத்தான் வேலை செய்யும். ஆளுக்கு ஆள் மாற வேண்டியது மரம்தான். ஸ்டாக் என்று சொல்கிற அந்தக் கட்டை தோளில் முட்டும், கன்னத்தில் ஒட்டும், உள்ளங்கையில் அடங்கும். உடம்பைத் தொடும் பகுதியெல்லாம் அதுவே.

பழைய பட்டாளத்துக்கும் இது தெரிந்திருந்தது. நம் ஊர்ப் போலீஸார் தோளில் வெகுகாலம் தொங்கிய 303 ரைஃபிள் இருக்கிறதே, லீ என்ஃபீல்ட், அதன் பின்கட்டை நான்கு நீளங்களில் வந்தது. லாங், நார்மல், ஷார்ட், பேன்டம். அரை இன்ச் அரை இன்ச்சாகக் குறையும். கட்டையிலேயே எழுத்து குத்தியிருப்பார்கள். குள்ளமான சிப்பாய்களுக்கென்று வந்ததுதான் பேன்டம். பேன்டம் என்றால் குட்டை ஜாதிக் கோழி! உயரத்துக்கு நான்கு சைஸ் யோசித்த பிரிட்டிஷ்காரனுக்கு இடதுகை என்று ஒன்று இருப்பது ஞாபகம் வரவில்லை. போல்ட் எல்லாவற்றிலும் வலப்பக்கம்தான்.

போட்டி ரைஃபிளில் இந்தப் பொருத்தம் இன்னும் கறாரானது. நின்று சுடும்போது கை பலத்தால் யாரும் தூக்கிப் பிடிப்பதில்லை. முன்னால் தாங்கும் கையின் முழங்கை இடுப்பெலும்பின் மேல் ஊன்றும். எடை எலும்பு வழியாகத் தரைக்கு இறங்க வேண்டும், தசை சும்மா இருக்க வேண்டும், தசை வேலை செய்தால் நடுங்கும். கழுத்தை வளைக்காமல் கன்னத்தைச் சாய்த்தால் கண் நேராகப் பீப்சைட்டின் துவாரத்துக்கு எதிரே வர வேண்டும். கட்டை ஒரு சென்டிமீட்டர் நீளமாக இருந்தாலும் பிள்ளை தோளைப் பின்னுக்கு இழுப்பாள், பிறகு இடுப்பு திரும்பும், பிறகு பாதம் மாறும்.

இதையெல்லாம் படித்துவிட்டு மூன்று பக்கத்துக்கு ஒரு டாகுமென்ட் தயாரித்திருந்தேன். என் தொழிலில் அது வியாதி. பார்த்தே இராத ஒரு பயனருக்குப் பெயர், வயது, ஆசைகள் எல்லாம் எழுதி அதை வைத்துச் செயலி கட்டுபவர்கள் நாங்கள். தலைப்பில் ‘இடதுகை ஸ்டாக்: தேவைகள்’ என்று இருந்தது. அவர் அதை வாங்கி மரியாதையாக மடித்து வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் போனபோது அதன் பின்பக்கத்தில் பசை சோதித்துப் பார்த்திருந்தார்.

*

மரம் பற்றி எனக்கு ஒரு கருத்து இருந்தது. துப்பாக்கி என்றால் வால்நட். உலகம் முழுக்க அதுதான் வழக்கம், காஷ்மீரில் நல்ல வால்நட் கிடைக்கும், ஸ்ரீநகரிலேயே துப்பாக்கி செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஒரு துண்டு வரவழைக்கலாம் என்றேன்.

“எனக்குப் பழக்கமில்லாத மரமுங்க. வெட்டுனா எப்படிப் போகும், மழைக்கு எப்படி ஊதும், ஒண்ணும் தெரியாது. தேக்குன்னா சொல்லுங்க.”

தேக்கு பசை பிடிக்காது என்று படித்திருந்தேன். சொன்னேன்.

“எண்ணெய் மரமுங்க அது. தின்னர் போட்டுத் தொடச்சுட்டு உடனே ஒட்டோணும். நாப்பது வருசமா அப்படித்தானுங் ஒட்டறேன்.”

பேட்டர்னுக்குத் தேக்கை வைத்துக்கொள்வதற்கே காரணம், செய்த பிறகு அது வடிவம் மாறாது என்பதுதான். சுவரில் இருந்த ஒன்றை இறக்கினார். லேத் பெட்டுடைய பேட்டர்ன், ஆள் உயரம். தொண்ணூறுகளில் செய்தது. ஆர்டர் கொடுத்த பவுண்டரி மூடிவிட்டது, பேட்டர்னை எடுக்க யாரும் வரவில்லை, பணமும் வரவில்லை. அதன் பக்கப் பலகையைத் தட்டிப் பார்த்து, “இத எடுத்துக்கலாம்” என்றார்.

இவ்வளவு நல்ல வேலையை அறுப்பதா என்றேன். அவர் அதற்குள் பீகார் பையனிடம் பேண்ட்சாவை ஓட விடச் சொல்லியிருந்தார். மறுபடியும் கேட்டிருந்தால் சங்கடப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை.

அறுத்த பலகையில் ரேகை ஓடும் திசையை விரலால் காட்டினார். கட்டையிலேயே மெலிந்த இடம் கைப்பிடிக்கு மேலே வரும் கழுத்து. ரேகை அதன் வழியாக நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே வந்தால் ஒருநாள் கீழே விழும்போது பிஸ்கட் மாதிரி முறியும். பழைய கட்டையில் விரிசல் விட்டிருந்த இடமும் அதுதான். போட்டி ரைஃபிளின் கைப்பிடி வேறு செங்குத்தாக இறங்குகிறது, ஒரே பலகையில் குடைந்தால் அங்கே ரேகை குறுக்கே வந்தே தீரும். அதனால் கைப்பிடியைத் தனித் துண்டாக, அதன் ரேகை மேலும் கீழுமாக ஓடும்படி செய்து மாட்டுவது என்று முடிவாயிற்று. அந்த முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும்.

அளவெடுக்க மகளைக் கூப்பிட்டார். முழங்கையை மடக்கச் சொல்லி, மடிப்பிலிருந்து ஆட்காட்டி விரலின் முதல் கணு வரைக்கும் ஸ்கேலை வைத்தார். எனக்கு அந்த ஸ்கேல் விநோதமாகத் தெரிந்தது. கோடுகள் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருந்தன.

“கன்ட்ராக்‌ஷன் ஸ்கேலுங்க. உருக்கி ஊத்துனது ஆறுறப்போ சுருங்குமில்ல? வார்ப்பிரும்புன்னா மீட்டருக்குப் பத்து மில்லி. அதுக்குத் தக்கன பேட்டர்ன் பெருசா இருக்கோணும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட முடியாதுன்னு ஸ்கேலயே பெருசாப் பண்ணிட்டாங்க.”

“அவ சுருங்க மாட்டாளே?”

“வளருவாங்கல்ல. அதுக்கும் இதேதான்.” சிரித்தார். ஸ்டீல் வார்ப்புக்கான ஸ்கேல் அது, மீட்டருக்கு இருபது மில்லி. பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது போதாது என்பதால் பின்னால் தட்டுக்கு அடியில் ஐந்து ஐந்து மில்லியாகச் சேர்த்துக்கொள்ளத் தகடுகளும் செய்வதாகச் சொன்னார்.

பிறகு ஒரு நாலடி மரச்சட்டத்தை அவளிடம் கொடுத்து, “அம்மிணி, அந்த செவுத்துல பல்லி இருக்குது பாரு. குறி பாரு” என்றார்.

அவள் சட்டத்தை வலது தோளில் வைத்தாள்.

“லெஃப்ட்ல வை பாப்பா” என்றேன் நான்.

இடது தோளுக்கு மாற்றினாள். அவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு பக்கமும் கன்னத்துக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து, பிளைவுட் துண்டில் பென்சிலால் குறித்தார். இரண்டு எம்-சீல் உருண்டைகளைப் பிசைந்து, வலதுகையில் ஒன்று, இடதுகையில் ஒன்று கொடுத்து, துப்பாக்கியைப் பிடிப்பது போல அழுத்தச் சொன்னார். ஒரு கைக்குத்தானே வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பழைய ஆள், எல்லாவற்றையும் நிதானமாகச் செய்கிறார் என்று விட்டுவிட்டேன்.

அவள் வெளியே போனதும் கேட்டார். “அம்மிணி வலதுல தூக்குதுங்களே.”

கிளப்பில் அப்படிப் பழக்கிவிட்டார்கள் என்றேன். அவளுடைய மேலோங்கிய கண் இடதுதான் என்றேன். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களால் ஒரு முக்கோணம் செய்து, அதன் வழியாகத் தூரத்துப் பொருளைப் பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடினால் எந்தக் கண்ணுக்குப் பொருள் நகராமல் நிற்கிறதோ அதுதான் மேலோங்கிய கண். அவளுக்குப் பத்து தடவை சோதித்து ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டிருந்தேன். ஏழு தடவை இடது. மூன்று தடவை வலது. என் டாகுமென்டில் ‘இடது’ என்று மட்டும் எழுதியிருந்தேன்.

பிறகு, கேட்காமலேயே, ஸ்கேல் கதையையும் ஆத்தாவின் முந்தானையையும் என்.சி.சி.யையும் அவரிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மனைவியிடம்கூட அவ்வளவு வரிசையாகச் சொன்னதில்லை.

அவர் வலதுகையை நீட்டிக் காட்டினார். ஆட்காட்டி விரலில் முதல் கணு இல்லை. இருபத்தாறு வயதில் பிளானர் மிஷின் எடுத்துக்கொண்டது. அதன் பிறகு இடதுகையில் உளி பிடிக்கப் பழகியிருக்கிறார்.

“கை பழகிக்குமுங்க தம்பி. எனக்குப் பழகிருச்சு. ஆனா ரெண்டு வருசம் ஒவ்வொரு உளி அடிக்கும் அழுகாச்சி வரும்.” கொஞ்ச நேரம் எம்-சீலில் பதிந்த சின்ன விரல் தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “அம்மிணிகிட்டக் கேட்டீங்களா?”

கேட்டேன் என்றேன். கேட்டிருக்கவில்லை.

*

இரும்பை மரத்தில் உட்கார வைக்கும் வேலை ஐந்து வாரம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். ஒருமுறைகூட அவர் என்னைச் சும்மா இருக்க விட்டதில்லை, பிடி, தூக்கு, திருப்பு என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். ரைஃபிளின் அடிப்பாகத்தில் புரூஷியன் புளூவை மெல்லிசாகத் தடவி, மரத்தில் குடைந்த பள்ளத்தில் இறக்கி, எடுப்பார். எங்கெல்லாம் மேடோ அங்கெல்லாம் நீலம் ஒட்டியிருக்கும். அதை மட்டும் உளியால் சீவுவார், தூசி மாதிரித்தான் வரும். மறுபடி தடவல், மறுபடி இறக்கல். லேத் பெட்டை மட்டப்படுத்தும் ஃபிட்டர்கள் செய்வதும் இதேதான், இரும்பில். ஒரு காலையில் முப்பது தடவை எண்ணினேன். முதலில் இரண்டு மூன்று திட்டாக ஒட்டிய நீலம் கடைசியில் பள்ளம் முழுக்கச் சீராகப் பரவியது. ஸ்க்ரூ போடாமலேயே ரைஃபிள் மரத்தில் நின்றது. தலைகீழாகப் பிடித்தால் விழவில்லை.

இரண்டாம் முறை வந்தபோது மகளுக்கு முகம் மாறியிருந்தது. அவர் அவளுக்கு ஒரு மரத்துண்டும் அரமும் கொடுத்துவிட்டார். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தாத்தாவிடம் ஏதோ பேசிக்கொண்டே ராவினாள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆயுத பூஜைக்கு முன்னால் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். பூஜையில் பேண்ட்சாவுக்கும் உளிகளுக்கும் நடுவே கட்டை இருந்தது, சந்தனப் பொட்டோடு. நான்கு கோட் எண்ணெய் குடித்துத் தேக்கு தேன் நிறத்துக்கு வந்திருந்தது. தோள் பக்கம் ஓரிடத்தில், ஆணியடித்த ஓட்டைக்குள், பழைய சிவப்பு பெயின்ட் கொஞ்சம் மிச்சமிருந்தது. எடுக்க வேண்டாம் என்று மகள் சொன்னாளாம். உள்ளே அங்கங்கே குடைந்து எடை குறைத்திருந்தார். பழைய கட்டையோடு 4.6 கிலோ இருந்த ரைஃபிள் இதோடு மாட்டினால் 3.9.

ஆனால் கட்டையில் கன்னம் வைக்கும் மேடு இல்லை. கைப்பிடியும் இல்லை. இரண்டு இடத்திலும் வெறும் காடி மட்டும் இருந்தது.

ஒரு துணிப் பையை எடுத்து மேசையில் கொட்டினார். நான்கு துண்டுகள். இடது கன்னத்துக்கு ஒன்று, வலது கன்னத்துக்கு ஒன்று. இடதுகைக்குப் பிடி, வலதுகைக்குப் பிடி. புறாவால் காடியில் சறுக்கி உள்ளே போய், ஒரு ஸ்க்ரூவில் இறுகின. தோளில் முட்டும் தட்டைத் திருகு தளர்த்தித் திருப்பிக்கொள்ளலாம்.

“லூஸ் பீஸுங்க” என்றார். பேட்டர்னில் ஒரு பக்கம் புடைப்பு நீட்டிக்கொண்டிருந்தால் மணலிலிருந்து தூக்கும்போது அது மணலைப் பெயர்த்துக்கொண்டு வரும். அதனால் புடைப்பைத் தனித் துண்டாகச் செய்து காடியில் மாட்டிவைப்பார்கள். பேட்டர்னைத் தூக்கினால் துண்டு மணலிலேயே தங்கும், பிறகு அதைப் பக்கவாட்டில் தனியாக எடுத்துக்கொள்வார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. நான் கேட்டது இடதுகை ஸ்டாக். டாகுமென்டில் தலைப்பிலேயே இருந்தது. பொருத்தம் பொருத்தம் என்று இவ்வளவு பேசிவிட்டுக் கழற்றி மாட்டும் சமாச்சாரமாக்கிவிட்டீர்களே என்று சொன்னேன். இன்னும் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன், அதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அவர் பதில் சொல்லத் தேடவில்லை. “எந்தப் பக்கம்னு முடிவாகாதப்போ வேற எப்படிங்க செய்யறது?” என்றார்.

முடிவாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் அதற்குள் வலதுகைப் பிடியைக் காடியில் தள்ளி ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தாள், இடதுகையால்.

பில்லில் எழுதியிருந்தது: பேட்டர்ன் 1 செட், லூஸ் பீஸ் 4, தகடு 6. மரத்துக்குப் பணம் போடவில்லை.

*

மூன்று வாரம் அவள் இரண்டு பக்கமும் சுட்டாள். இருபது வலதில், இருபது இடதில். கோச் முணுமுணுத்தார், ஆனால் தடுக்கவில்லை. கட்டையை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு யார் செய்தது என்று கேட்டார். அவரிடம் இன்னும் இரண்டு இடதுகைப் பிள்ளைகள் இருக்கிறார்களாம்.

இடதில் அவளுடைய மதிப்பெண் முதல் வாரம் அதலபாதாளம், மூன்றாம் வாரம் வலதுக்குப் பக்கத்தில் வந்தது. நான் கிராஃப் போட்டிருந்தேன். கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு மாதத்தில் தாண்டிவிடும் என்று நான் கணக்குப் போட்டு முடித்த அன்று, அவள் பையில் வலது துண்டுகளை மட்டும் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஸ்கூட்டரில் போகும்போது ஏன் என்று கேட்டேன். ஒருவழியாகக் கேட்டேன்.

“லெஃப்ட்ல சுட்டா நீ பின்னால நின்னுட்டு மூச்சப் பிடிச்சுக்கற. எனக்குத் தெரியுது.”

சிக்னல் வரை இருவரும் பேசவில்லை. பிறகு அவளே, “ரைட்ல சுட்டா நீ மொபைலப் பாக்கற. அது நல்லாருக்கு” என்றாள்.

இப்போது வலதில்தான் சுடுகிறாள். இடது கண்ணுக்கு வெள்ளைப் பிளைண்டர். போன மாதம் நாற்பது குண்டுக்கு 362. எழுதுவது இடதுகையில், சாப்பிடுவது எந்தக் கை சும்மா இருக்கிறதோ அந்தக் கையில். அவளுடைய ஆத்தா, அதாவது என் அம்மா, பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறார்.

இடது துண்டுகள் இரண்டும் என் மேசையில் மானிட்டருக்குக் கீழே கிடந்தன. மீட்டிங் ஓடும்போது பிடியை எடுத்து இடதுகையில் வைத்துக்கொள்வேன். பிள்ளையின் கைக்குச் செய்தது. என் விரல்கள் பள்ளங்களைத் தாண்டி வெளியே நிற்கும்.

ஒரு ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு ரைஃபிளை எடுத்து, குண்டு இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, இடது துண்டுகளை மாட்டி, தகடு ஆறையும் சேர்த்து, ஹாலில் நின்று இடது தோளுக்குத் தூக்கினேன். எனக்கு முப்பத்தாறு வயது. கட்டை குட்டையாக இருந்தது, மூக்கு பீப்சைட்டை இடித்தது, முழங்கை இடுப்பைத் தேடிக்கொண்டு போனது. ஆனால் கண்ணை மூடத் தேவைப்படவில்லை. எதிர்ச்சுவரில் சுவிட்ச்போர்டின் சிவப்பு விளக்கு வளையத்துக்குள் வந்து நின்றது.

“தலையக் கொண்டு போய் ஒட்டாதப்பா. கட்டையத் தலைகிட்டக் கொண்டு வா.” தண்ணி குடிக்க எழுந்து வந்திருந்தாள். சொம்பை வைத்துவிட்டு வந்து என் வலது முழங்கையைப் பிடித்து இடுப்பெலும்பின் மேல் வைத்தாள். “இப்ப மூச்ச விடு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணபதிக்குப் போனேன். இன்னும் பத்துத் தகடு வேண்டும் என்றதும், “அம்மிணி அதுக்குள்ள அவ்வளவு வளந்துருச்சுங்களா?” என்றார்.

“எனக்குங்க.”

அவர் ஒன்றும் கேட்கவில்லை. பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். என் இடது முழங்கையை மடக்கி, மடிப்பைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸ்கேலுக்காக மேசையில் துழாவினார். முதலில் கைக்குக் கிடைத்தது அந்தப் பழைய ஸ்கேல். அதைத் தள்ளி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார்.

“உங்களுக்கு சாதா ஸ்கேலே போதுமுங்க” என்றார்.